வேலைநிறுத்தத் தலைவர் மந்திரியானால்

ஜார்ஜ் பெர்னாண்டஸ் படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று நமது ரயில்வே தோழர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. தியாகி என்கிறார் ஒருவர். துரோகி என்கிறார் மற்றவர். இருவருமே கணக்கைப் பாதியில் மூடிவிடுகிறார்கள்.

வரவுப் பக்கத்தை முதலில் பார்ப்போம். மங்களூரில் 1930ல் பிறந்து, பம்பாயில் தொழிற்சங்கம் கட்டி, 1967 தேர்தலில் எஸ்.கே. பாட்டீல் என்ற காங்கிரஸ் பெரும்புள்ளியை மண்ணைக் கவ்வ வைத்தவர். 1974 மே 8ல் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு அவரே தலைவர். எட்டு மணி நேர வேலை, போனஸ், பொதுத்துறைக்கு இணையான சம்பளம் கேட்டுச் சுமார் 17 லட்சம் பேர் இருபது நாள் நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை போனார்கள், வேலை இழந்தார்கள். குவார்ட்டர்சிலிருந்து குடும்பங்களைத் தட்டுமுட்டுச் சாமானோடு வெளியே தள்ளிய கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அவசர நிலையில் இந்த ஊர் கொடுத்த விலை தனி. 1976 மே மாதம் அவருடைய தம்பி லாரன்சைப் பிடித்து, அண்ணன் எங்கே என்று கேட்டுப் போலீஸ் சித்திரவதை செய்தது. நடிகை சினேகலதா ரெட்டியைப் பரோடா வெடிமருந்து வழக்கோடு முடிச்சுப் போட்டு, ஆஸ்துமாவோடு பெங்களூர் மத்தியச் சிறையில் அடைத்தார்கள். 1977 ஜனவரியில் பரோலில் வந்த சில நாளில் அந்த அம்மாள் இறந்துபோனார்.

அதே 1977ல் ஜார்ஜ் சிறையிலிருந்தபடியே முசாபர்பூரில் ஜெயித்துத் தொழில் மந்திரியானார். கோகோ கோலா வெளியேறியது. நீக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர்களை ஜனதா அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. மறுப்பதற்கில்லை. பிற்பாடு 1989ல் ரயில்வே மந்திரியாகிக் கொங்கண் ரயில்வேக்கு வித்திட்டதும் பெரிய காரியம்தான்.

ஆனால் 1979 ஜூலையில் நடந்தது என்ன? மொரார்ஜி அரசை ஆதரித்து மக்களவையில் முழங்கியவர், சில நாளுக்குள் அந்த அரசை விட்டு வெளியேறிச் சரண்சிங் பக்கம் போனார். எந்தச் சங்கத்தைக் கேட்டார்? 1984ல் பெங்களூர் வடக்கில் நின்று ஜாபர் ஷெரீபிடம் தோற்றார். 1994ல் சமதா கட்சி, 1996ல் பாரதிய ஜனதாவோடு கூட்டு, 1998ல் பாதுகாப்பு மந்திரி. 2002 குஜராத் படுகொலை விவாதத்திலும் சோஷலிஸ்டான இவர் அரசுத் தரப்பு வக்கீலாகவே நின்றார்.

நமக்கு விழுந்த அடி 2003 டிசம்பரில். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசு வேலையில் சேருபவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்று அறிவித்த மந்திரிசபையில் ஜார்ஜ் இருந்தார். ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. அதாவது அவருடைய இலாகாவின் சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. 1974ல் அவரை நம்பிச் சிறைபோன கேங்மேனின் மகனுக்கு இல்லை! நானும் 2004க்குப் பிறகு சேர்ந்தவன்தான். மாதம் பத்து சதவீதம் பிடித்தார்கள். கடைசியில் என்ன வரும் என்பதைச் சந்தையிடம் கேள் என்றார்கள். 2025ல் வந்த ஒருங்கிணைந்த திட்டமும் பழையதற்கு ஈடல்ல.

மந்திரிசபையில் ஒரு ஆள் என்ன செய்ய முடியும் என்பார்கள். எண்ணெய்க் கம்பெனிகளை விற்பதை 2002ல் இதே ஜார்ஜ் எதிர்த்தாரே! வாய் இருந்தது. பென்ஷனுக்காக அவர் பதவியைத் தூக்கி எறியவில்லை.

ஈழத் தமிழருக்காக டில்லியில் பேசிய சிலரில் ஒருவர் என்று நம்மவருக்கு அவர்மேல் பாசம். எனக்கும் உண்டு. பாசம் பென்ஷன் ஆகாது.

1977ல் பத்ம விருதுகளை நிறுத்திய அரசில் மந்திரியாக இருந்தவருக்கு, 2019ல் இறந்தபின், 2020ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். மறுப்பதற்கு ஆள் இல்லை, பாவம்.

தனி மனிதரைத் திட்டி முடிப்பது சுலபம். அவரை மேடையேற்றிய நம்மிடம் அவரைத் திருப்பிக் கூப்பிடும் கயிறு இருந்ததா? இப்போதும் நமது சங்கத்தில் கட்சி டிக்கெட்டுக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் வாங்குகிறவர் முதலில் சங்கப் பொறுப்பைவிட்டு விலகட்டும்; ஜெயித்தால் மூன்று மாதத்துக்கொருமுறை பொதுக்குழுவில் நின்று பதில் சொல்லட்டும். இந்தத் தீர்மானத்தை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். எதிர்க்கிறவர்கள் அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசலாம்.