கமெரா ஆருக்குக் காட்ட வேண்டுறம்?

காங்கேசன்துறையில் நின்று "ஒரு கமெரா வேண்டப் போறம்" எண்டு சொன்னால் போதும், ஆலோசனை சொல்ல ஊரே வந்து நிற்கும். "மச்சான், டிஎஸ்எல்ஆர் எடு, இல்லாட்டி எடுக்காதை." "எத்தினை மெகாபிக்சல்?" "லென்ஸ் மாத்தலாமோ?" கலியாணவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் மேடைக்கு முன்னால் நின்று சபையை மறைக்கிற அந்தப் பெரிய கறுப்புச் சாமான்தான் கமெரா, மிச்சமெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்ற எண்ணம் எங்களுக்குள் நன்றாக ஊறிக் கிடக்கிறது. அந்த எண்ணத்தோடுதான் நாங்கள் இங்கே சண்டைக்கு வருகிறோம்.

எங்கள் வாதம் சின்னது. இந்த ஊருக்குத் தேவை விலை குறைந்த, அம்மம்மாவும் அமத்தக்கூடிய, எடுத்த படம் இருபது வருசம் கழிச்சும் கையில் மிஞ்சக்கூடிய ஒரு கமெரா. அதற்கு மேலே கேட்கிறதெல்லாம் எடுப்பு.

ஏன் இந்த ஊருக்கு எண்டு பிரிச்சுச் சொல்கிறோம்? 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் வெளிக்கிட்டபோது உடுப்பையும் காணி உறுதியையும் தூக்கினவர்கள் உண்டு. அல்பத்தைத் தூக்க நேரம் கிடைத்தவர்கள் கொஞ்சப்பேர்தான். 1950இல் தொடங்கின சீமெந்துத் தொழிற்சாலை அந்த வருசத்தோடு நின்றது. ரயில் திரும்பக் காங்கேசன்துறைக்கு வர 2015 ஜனவரி ஆனது. பக்கத்து மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில்தான் விடுபட்டது. காணிகள் துண்டு துண்டாக வந்தன. இன்னும் வராத காணிகளும் இருக்கின்றன. திரும்பி வந்த சனத்தில் பலபேர் தங்கள் வளவைக் கிணற்றை வைத்தும் கோயிலை வைத்தும்தான் மட்டுக்கட்டினார்கள். வீடு எப்பிடி இருந்தது எண்டு பிள்ளைக்குக் காட்ட அவர்களிடம் ஒரு படம் இல்லை.

இப்ப புதுவீடுகள் எழும்புகின்றன. நல்ல விசயம், சனம் குடியிருக்க வேணும். ஆனால் பழைய அத்திவாரத்தைக் கிண்டி எடுக்க முதல் அதை ஒரு படம் எடுத்து வையுங்கோ எண்டுதான் கேட்கிறோம். எங்கள் ஊரைப் படம் எடுத்தவர்கள் கனபேர்: பத்திரிகைக்காரர், தொண்டு நிறுவனங்கள், சுற்றுலா வந்தவர்கள், இப்ப டிரோன் விடுகிற பொடியள். இடிஞ்ச சுவரைக் கறுப்பு வெள்ளையாக்கிப் போட்டு நூறு இதயக்குறி வேண்டுகிறார்கள். அந்தச் சுவர் ஆற்றை வீடு எண்டு அந்தப் படத்தில் ஒரு வரி இராது. வீட்டுக்காரரிடம் ஒரு பிரதியும் இராது.

சரி, கடைக்குப் போவம். கடைக்காரர் முதலில் காட்டுகிற பூச்சாண்டி மெகாபிக்சல். கணக்குப் பாருங்கோ. 6×4 அங்குலப் படம் ஒன்றைத் துப்புரவாக அச்சடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். 1800×1200, அதாவது ஏறத்தாழ 2 மெகாபிக்சல். சுவரில் மாட்டுகிற 12×8 அங்குலப் படத்துக்கே 9 மெகாபிக்சல் தாராளம். பிறகென்னத்துக்கு அந்த 20, 48, 108? சின்னக் கமெராக்களின் சென்சர் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் அகலம்தான், உங்கள் சேட் பொத்தானை விடச் சிறிசு. அதற்குள் எத்தினை கோடிப் புள்ளியை அடைச்சாலும் வெளிச்சம் கூடி வராது. இரவுப் படம் நல்லாய் வர வேணும் எண்டால் சென்சரின் அளவைக் கேளுங்கோ.

இரண்டாவது ஏமாற்று சூம். லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் அசைஞ்சு கிட்டக் கொண்டு வருகிறதுதான் சூம். "டிஜிற்றல் சூம்" எண்டு பெட்டியில் பெரிசாகப் போட்டிருப்பது படத்தின் நடுவை வெட்டி ஊதிக் காட்டுகிற வேலை. அதை நீங்கள் வீட்டில் சும்மாவே செய்யலாம். எங்களுக்கு உண்மையில் தேவை மற்றப்பக்கம்: ஒரு ஒழுங்கைக்குள் நின்று முழு வீட்டையும் பிடிக்க அகலமான பார்வை வேணும். லென்சின் இலக்கத்தை 28 மில்லிமீற்றருக்குச் சமமானது அல்லது அதற்குக் குறைவு எண்டு போட்டிருந்தால் நல்லது.

"போன் இருக்கே, கமெரா ஏன்?" எண்டு கேட்பவர்களுக்குப் பாதி சரி என்போம். நல்ல போன் இருந்து, படத்தை ஒழுங்காகச் சேமிக்கிற பழக்கமும் இருந்தால் ஒரு சதமும் செலவழிக்காதையுங்கோ. ஆனால் ஆரிடம் அந்தப் பழக்கம் இருக்கு? படத்தை வட்சப்பில் அனுப்பினவுடன் அது சுருங்குகிறது, எடுத்த திகதியும் கழண்டு போகிறது. போன் உடையிற அண்டைக்கு எல்லாம் சேர்ந்து போகிறது. தொடுதிரைக்குப் பயந்த எங்கள் பெரியாக்கள் ஒரு பொத்தானை அமத்தப் பயப்பட மாட்டார்கள். அவர்களுக்குத்தான் எந்தச் சுவர் ஆற்றையது எண்டு தெரியும். கமெரா போக வேண்டியதும் அவர்கள் கைக்குத்தான்.

சென்னையிலிருந்து வருகிற வீடியோக்களைப் பார்த்து முடிவெடுக்காதையுங்கோ. விலை அவர்களின் ரூபாவில், திருத்துகிற இடம் அவர்களின் ஊரில். எங்கள் ரூபா 2022இல் டொலருக்கு 200இலிருந்து 360 வரை விழுந்தது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். "தொடக்கக்காரருக்கான கமெரா" எண்டு அவர்கள் சொல்வது இங்கே ஒரு குடும்பத்தின் பல மாதச் சாப்பாட்டுக் காசு.

ஆகவே பழையது வேண்டுங்கோ. பத்து வருசப் பழசான கனொன், நிக்கொன், சொனி எதுவானாலும் ஒரு 12 மெகாபிக்சல் சின்னக் கமெரா காணும். வெளிநாட்டில் இப்ப பழைய டிஜிற்றல் கமெரா ஒரு ஃபஷன், அதனால் விலை ஏத்திச் சொல்லுவினம், வளையாதையுங்கோ. வேண்ட முதல் நாலைந்து முறை போட்டு நிப்பாட்டிப் பாருங்கோ. லென்ஸ் கரகரத்தால் உள்ளே மணல். எங்கள் கடற்கரையின் உப்புக்காத்துக்கு அது சாகிற வருத்தம். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, கறுப்புப் பொட்டு இருக்கோ எண்டு பாருங்கோ. எஸ்டி கார்ட் போடாத கமெராவைத் தொடாதையுங்கோ, மற்றக் கார்ட்டுகள் இப்ப லேசில் கிடைக்காது. பென்ரோச் பற்றரி போடுகிற மொடல் கிடைத்தால் விடாதையுங்கோ. தனிப் பற்றரிக்காரன் கொம்பனி கைவிட்டவுடன் செத்துவிடுவான். பற்றரித் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட சனத்துக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

வேண்டினவுடன் முதல் வேலை, திகதியும் நேரமும் சரியாக வைக்கிறது. பற்றரி கழட்டின பிறகு திரும்பப் பாருங்கோ. திகதி பிழைச்ச படம் காணிப் பிரச்சினையில் சாட்சிக்கு நிற்காது. முகாம் பக்கமும் தடைப் பலகை உள்ள இடத்திலும் கமெராவைத் திருப்பாதையுங்கோ. வளவுக்காரரைக் கேட்காமல் எடுக்காதையுங்கோ.

எடுத்ததை மூன்று இடத்தில் வையுங்கோ: ஒன்று வீட்டில், ஒன்று வேற ஊரில், ஒன்று இணையத்தில். 2005இலிருந்து எங்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திச் சேர்க்கிற நூலகம் நிறுவனம் போன்றவர்களுக்கு ஊர்ப் படங்களும் பெறுமதியானவை. பிறகு ஒரு பிரதியை அச்சடிச்சு, பின்பக்கத்தில் ஆற்றை வளவு, எந்தக் குறிச்சி, எந்தத் திகதி எண்டு பென்சிலால் எழுதி அந்த வீட்டுக்காரரிடம் குடுங்கோ.

பெரிய கமெரா வேண்டக் காசு சேர்க்கிற தம்பி தங்கச்சியள், சேருங்கோ, நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் நீங்கள் சேர்த்து முடிக்கிறதுக்குள் இங்கே எத்தினை அத்திவாரம் மண்ணுக்குள் போகும்? அதுகளைப் பழைய சின்னக் கமெரா இண்டைக்கே எடுக்கும்.