பொதுப் பள்ளிக்கூடம் யாருக்குப் பொது?

அமெரிக்காவில் சர்க்கார் பள்ளிக்கூடங்களெல்லாம் பொதுப் பள்ளிக்கூடங்கள், அங்கே ஏழை பணக்காரன் பேதம் கிடையாது என்று நம்மில் பலர் பெருமையாய்ச் சொல்லக் கேட்கிறோம். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை என்பது மெய்தான். ஆனால், அந்தப் பொது எந்த எல்லைவரை பொது என்பதுதான் நமது கேள்வி.

டெக்ஸாஸ் மாகாணத்துச் சான் அன்டோனியோ நகரத்தின் சங்கதியைப் பாருங்கள். நகரத்தின் மேற்கே எட்ஜ்வுட் வட்டாரம். 1960-களில் அங்கே 100-க்கு 90 பேர் மெக்ஸிகோ வம்சத்துப் பிள்ளைகள். சில மைல் தூரத்தில் ஆலமோ ஹைட்ஸ் என்னும் தனிப் புறநகர். அங்கே பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். இரண்டு இடத்திலும் உயர்நிலைப் பள்ளிக்கூடம் உண்டு. மாகாணப் பணத்தோடு, அவரவர் எல்லைக்குள் இருக்கும் சொத்தின் மீது போடும் வரியும் சேர்ந்துதான் பள்ளிக்கூடம் நடக்கும்.

100 டாலர் சொத்துக்கு எட்ஜ்வுட்டார் கொடுத்த வரி 1 டாலர் 5 சென்ட். ஆலமோ ஹைட்ஸார் கொடுத்தது 85 சென்ட். ஆனால் 1967-68-ல் பிள்ளை ஒன்றுக்குச் செலவான பணமோ, எட்ஜ்வுட்டில் 356 டாலர், ஆலமோ ஹைட்ஸில் 594 டாலர்! குடிசைக்கு எவ்வளவு வரி போட்டாலும் குடிசை மாளிகையாகி விடுமா? அதிக விகிதத்தில் வரி கொடுத்தவன் ஏழை. அதிகப் படிப்புப் பெற்றவன் பணக்காரன். இதற்குப் பெயர் பொதுக் கல்வியாம்!

1968 மே மாதத்தில் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுமார் 400 பேர், தகுதியுள்ள உபாத்தியாயர் வேண்டும், கட்டடத்தைப் பழுது பார்க்க வேண்டும் என்று வெளியேறினார்கள். டிமெட்ரியோ ராட்ரிகஸ் என்ற தொழிலாளியும் மற்றப் பெற்றோரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5 நீதிபதிகள் அவர்களுக்கு விரோதமாயும், 4 பேர் சாதகமாயும் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரே ஒரு ஓட்டு! அடிமையாயிருந்தவரின் கொள்ளுப்பேரரான தர்குட் மார்ஷல் அந்த நால்வரில் ஒருவர்.

எட்ஜ்வுட்டார் ஓயவில்லை. மாகாணக் கோர்ட்டில் மறுபடியும் வழக்காடினார்கள். 1989-ல் டெக்ஸாஸ் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அத்தனை பேரும் இந்த ஏற்பாடு மாகாண அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று ஏகமனதாய்ச் சொன்னார்கள். பிள்ளைகள் வெளியேறி அப்போது 21 வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் இழந்த படிப்பை எந்தத் தீர்ப்பு திருப்பிக் கொடுக்கும்?

இது தலைவிதியல்ல, தோழர்களே! மனிதன் காகிதத்தில் கிழித்த கோடு. மனிதன் கிழித்ததை மனிதன் அழிக்கலாம். ஆகையால், நல்ல பள்ளிக்கூடம் ஒன்றை யாராவது மெச்சினால், அதன் எல்லை எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் நிற்பவை யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் துணிவுள்ள பள்ளிக்கூடமே பொதுப் பள்ளிக்கூடம்.