கிளை கழிக்க எத்தனை அங்குலம்?



டத்தோ கிராமாட் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மோட்டார் சைக்கிளும் புல் வெட்டும் இயந்திரமும் பழுது பார்க்கிற சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை அங்கே நின்றிருந்தபோது, பெருநிலத்துத் தோட்டமொன்றில் ஒரு காலத்தில் என்னோடு வேலை செய்த தம்பி ஒருவன், சாக்கில் சுற்றிய சங்கிலி வாளை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலமாகிவிட்ட பின்பு, கிடைத்த இடத்தில் மரம் வெட்டிப் பிழைக்கிறவன். மறுநடவுக்காகப் பால்மரம் சாய்க்கிற இடத்தில் ஒரு வாரம், பட்டணத்துச் சாலை மரங்களில் ஒரு வாரம். பாலத்தைக் கடந்து அக்கரைக்கும் இக்கரைக்குமாக அலைவதே அவன் ஜீவனம்.

"அண்ணே, இந்தப் பதினாறு அங்குலத்தை எடுத்துப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு மாட்டித் தரச் சொல்லுங்கள். கிளை கழிக்கக் கை ஓய்ந்து போகிறது" என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. பட்டறையில் கிடைத்த பதில்தான் நியாயமாக இல்லை. மூலையில் கிடந்த வேறு ஏதோ இயந்திரத்தின் பழைய பாரை எடுத்து, "துளை ஒட்டவில்லை, அரம் போட்டு அகலமாக்கிவிடலாம், எண்ணெய்க்கு ஒரு ஓட்டை போட்டால் போதும். முப்பது வெள்ளி" என்றார் பட்டறைக்காரர். தம்பி பையில் கையை விட்டான். நான் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிளை கழிக்கக் குட்டையான பார் வேண்டும் என்று கேட்பது சோம்பேறித்தனம் அல்ல, மோஸ்தரும் அல்ல. ஸ்வீடன், பின்லாந்து காடுகளில் இதையே பரம்பரைத் தொழிலாகச் செய்கிறவர்கள், நடுத்தர இயந்திரத்தில் 13 அங்குலம், 15 அங்குலப் பாரை மாட்டிக்கொண்டுதான் நாள் முழுவதும் கிளை கழிக்கிறார்கள். சாய்ந்த மரத்தின் மேலேயே இயந்திரத்தின் உடலை வைத்து, பாரத்தை மரம் தாங்க, கை வழிகாட்ட மட்டும் செய்கிற முறை அது. நீண்ட பாரோடு அப்படிச் செய்ய முடியாது. மூக்கு எங்கோ போய் இன்னொரு கிளையில் இடிக்கும்.

அந்த மூக்கில்தான் இருக்கிறது ஆபத்து. பாரின் நுனி வட்டத்தில் மேல் கால் பாகம் எதையாவது தொட்டுவிட்டால், ஓடுகிற சங்கிலி அங்கே கவ்வி, முழு இயந்திரத்தையும் மேல் நோக்கிச் சுழற்றி, பிடித்திருப்பவன் முகத்துக்கும் கழுத்துக்கும் எறிகிறது. கண் இமைக்கிற நேரம்கூட அதற்கு வேண்டாம். வாள் உதைத்தது என்று நம்மவர் சொல்வது இதைத்தான். சாய்ந்த பால்மரத்தின் தலைப்பகுதியைப் பாருங்கள். கை விரித்தது போல் கிளைகள், அவற்றுக்குள் சிம்புகள், எல்லாவற்றையும் மூடி இலை. வெட்டுகிற கிளை கண்ணுக்குத் தெரியும். அதற்கு நாலு அங்குலம் அப்பால் ஒளிந்திருக்கிற கிளை தெரியாது. பதினாறு அங்குலப் பாரின் நுனி அங்கேதான் போய் முட்டுகிறது. பன்னிரண்டு அங்குலமானால் நுனி நம் பார்வைக்குள்ளேயே நிற்கும்.

இதனால் குட்டை பார் உதைக்காது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பட்டறைகளில் உலவுகிற பெரிய பொய் அது. நுனி எதன் மேலாவது பட்டால் அதுவும் உதைக்கும். நுனி கனமில்லாததால் எழும்பும் வேகம் இன்னும் கூடலாம். நுனி வட்டம் சிறிதாக உள்ள பார், உதைப்பு குறைந்த சங்கிலி, ஒழுங்காக வேலை செய்கிற சங்கிலித் தடை இம்மூன்றும் சேர்ந்தால்தான் ஓரளவு காப்பு. தானே பிடிக்கிற சங்கிலித் தடையை ஹஸ்க்வர்னா கம்பெனி 1973-லேயே கொண்டு வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்தும், தடையின் கைப்பிடி உடைந்து போன வாளைக் கம்பியால் கட்டி ஓட்டுகிறவர்களை நான் இங்கே கண்டிருக்கிறேன்.

இனி, பார் மாற்றுவது எப்படி என்ற விஷயத்துக்கு வருவோம். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் நாலு பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் செய்யக் கூடாது. பாரின் அடிப்பகுதியிலுள்ள நீண்ட பள்ளம், இறுக்கும் ஆணிக்கான துளை, எண்ணெய்த் துளை ஆகிய மூன்றும் அந்த இயந்திரத்துக்கென்றே அமைந்திருக்க வேண்டும். எண்ணெய்த் துளை ஒரு நூல் விலகினாலும் எண்ணெய் பாருக்குள் ஏறாது, வெளியே வழியும். சங்கிலி காய்ந்து ஓடிப் புகையும், பார் நீலம் பாய்ந்து வளையும், கடைசியில் சங்கிலி அறும். அறுந்த சங்கிலி எங்கே பாயும் என்று யாரால் சொல்ல முடியும்?

அடுத்தது சங்கிலி. பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி, பள்ளத்துக்குள் ஓடுகிற அடிப்பல்லின் கனம், அடிப்பற்களின் எண்ணிக்கை என்று மூன்று கணக்கு அதற்கு உண்டு. இடைவெளிக் கணக்கு இயந்திரத்தினுள் இருக்கிற பல்சக்கரத்துக்கும் பார் நுனியிலுள்ள சக்கரத்துக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும். கனம், பார்ப் பள்ளத்தின் அகலத்துக்கு ஒக்க வேண்டும். அகலமான பள்ளத்தில் மெல்லிய பல் ஓடினால் சங்கிலி ஆடும், வெட்டு கோணும். சிறு இயந்திரங்களில் 16 அங்குலத்துக்குப் பெரும்பாலும் 55 அல்லது 56 அடிப்பற்கள், 12 அங்குலத்துக்கு 44 அல்லது 45. இயந்திரத்துக்கு இயந்திரம் இது மாறுவதால், பாரின் மேலேயே பொறித்திருக்கும் எண்களைப் பார்த்து வாங்குவதே உத்தமம். பழைய நீளச் சங்கிலியில் கண்ணிகளைக் கழற்றிச் சுத்தியலால் தட்டி இணைக்கிற கைவேலையை, முறையான கருவியும் பழக்கமும் இல்லாதவர் தயவு செய்து தொட வேண்டாம்.

பார் குறைந்ததும் சில மாற்றங்கள் தெரியும். இழுக்க வேண்டிய சங்கிலி குறைவதால் இயந்திரம் தாராளமாக ஓடும். ஒவ்வொரு பல்லும் முன்னைவிட அடிக்கடி மரத்தில் இறங்குவதால் சீக்கிரம் மழுங்கும். பால்மரமோ பிசினோடு சேர்ந்து தூளை அப்பிக்கொள்ளும் மரம். ஆகையால் அரமும் தூரிகையும் பையில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டேன். நெட்டையான தோழர்களுக்குக் குட்டை பார் இடுப்பை வாங்கும். நீண்ட பாரானால் நின்றபடியே தரையிலுள்ள கிளையை எட்டலாம், குட்டையானால் குனிய வேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மரம் வெட்டுகிறவர்கள் இதைச் சொல்லியே நீண்ட பாரை விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வெட்டுவது நெடிய ஊசியிலை மரம். நாம் வெட்டுவது சாய்ந்த பின்பும் கிளைகளின் மேல் இடுப்பளவுக்கு எழும்பி நிற்கிற பால்மரம். எனக்குத் தெரிந்த வரையில் இங்கே குட்டையே வெல்லும். ஓய்ந்த மரத்தின் அடித்தண்டு சுமார் ஒரு மீட்டர் சுற்றளவு இருக்கும், அதை அறுக்க 16 அங்குலம் இருக்கட்டும். கிளைக்குத் தனியாக 12 அங்குலம் வேண்டும். ஒரு கூட்டத்துக்கு இரண்டு வாள் என்பதே சரியான ஏற்பாடு.

எந்த நீள வாளானாலும், மரத்தைத் தாங்கி நிற்கிற கிளையைத் தெரியாமல் வெட்டினால் தண்டு உருண்டு காலில் ஏறும். வளைந்து விறைத்து நிற்கிற கிளையை இழுபடுகிற பக்கத்தில் ஒரேயடியாக அறுத்தால் அது சாட்டைபோல் அடிக்கும். வாளுக்கும் நம் காலுக்கும் நடுவே தண்டு இருக்கும்படி நிற்பது எல்லாவற்றுக்கும் முதல் பாடம். இதை எந்தப் பாரும் நமக்காகச் செய்து தராது.

பட்டணத்து வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை உலுக்கிய புயல் மழையில் சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்ததை டத்தோ கிராமாட் வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேளைகளில் ஏணியில் நின்று ஒரு கையால் வாளைப் பிடித்துக் கிளை வெட்டுகிற காட்சி சர்வ சாதாரணம். மேலே பிடியுள்ள சிறு வாள் மரமேறப் பழகியவர்கள் கயிறு கட்டி ஏறி வெட்டுவதற்கென்று செய்யப்பட்டது. இலேசாக இருக்கிறதே என்று அதைத் தரையில் நின்று ஒற்றைக் கையால் ஓட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும். இப்போது நாலு அங்குலம், ஆறு அங்குலத்தில் மின்கல வாள்கள் மலிவாக வந்துவிட்டன. சுண்டுவிரல் கனச் சிம்புக்கு அவை போதும். ஆனால் ஒரு கையால் வாள், மறு கையால் கிளை என்று பழக்கிவிடுகிற சாமான் அது. அந்த மறு கையை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

சரி, இத்தனைக்கும் பணம் யார் கொடுப்பது? என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

தம்பி வேலை செய்கிற இடத்தில் கூலி, அறுத்து அடுக்குகிற ஆறடிக் கட்டைகளின் எடைக்கு. கிளை கழிப்பதற்குத் தனிக் கூலி இல்லை. கிளை கழிக்காமல் கட்டை அறுக்க முடியாது, கழித்த நேரத்துக்கோ காசு கிடையாது. ஆகவே அந்த வேலையை அவசரமாக முடிக்கப் பார்க்கிறான். அபாயம் மிகுந்த வேலை எதுவோ, அதையே ஓட்டமாக ஓடிச் செய்கிறான். இந்த இலட்சணத்தில் வாளும் அவனுடையது, எண்ணெயும் அவனுடையது, சங்கிலியும் அவனுடையது! முப்பது வெள்ளிக்கு அரம் போட்ட பாரை அவன் தேடி வந்ததற்கு அவனையா குறை சொல்வது?

அன்று கோடாரியும் கைவாளும் ஏந்திப் பழைய மரங்களை வீழ்த்திய காலத்தில் ஆயுதம் தோட்டத்துடையது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று வேலை காண்டிராக்டுக்குப் போய், காண்டிராக்டு துணைக் காண்டிராக்டுக்குப் போய், கடைசியில் ஆயுதம் தொழிலாளி தலையில் வந்து விடிந்திருக்கிறது.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை என்பதை நம்மில் பலர் அறியார். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அச்சட்டப்படி பாதுகாப்புக்காகச் செய்யப்படும் அல்லது கொடுக்கப்படும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் வசூலிக்கக் கூடாது என்கிறது. அபாயமற்ற இயந்திரமும் வேலை முறையும் தருவது முதலாளியின் கடமை என்கிறது 15ஆம் பிரிவு. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், வேலையைக் காண்டிராக்டுக்கு விடுகிற தலைமை நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்கியிருக்கிறது. கடமை தவறிய முதலாளிக்கு அபராதம் 5 இலட்சம் வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து கண்ணெதிரே நிற்கும்போது, அதை நீக்க முதலாளி எதுவும் செய்யாவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

"அவன் என் ஆள் அல்ல, தனித் தொழில் செய்கிறவன்" என்று காண்டிராக்டர் வாதாடுவார். எந்த நேரத்துக்கு வருவது, எந்த மரத்தை அறுப்பது, எவ்வளவு நீளத்தில் அறுப்பது என்பதெல்லாம் அவர் சொல்லுகிறபடி, காயம் பட்டால் மட்டும் தனித் தொழிலா? அப்படியே வைத்துக்கொண்டாலும், சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017 முதல் இருக்கிறது. உங்கள் பெயர் எந்தக் கணக்கிலாவது சொக்சோவில் பதிந்திருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காயம் பட்ட பின்பு கேட்பதில் பயனில்லை.

ஆகவே தொழிற்சங்கக் கிளைகள் அடுத்த பேச்சு வார்த்தையில் இதை வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கிளை கழிப்பதற்குத் தனிக் கூலி, அல்லது நாள் கூலி. கூட்டத்துக்கு ஒரு குட்டை வாள், பொருத்தமான பாரும் சங்கிலியும், நிர்வாகத்தின் செலவில். காலுறைக் கவசம், முகவலை, காது மூடி ஆகியவையும் அப்படியே. வெயிலில் கவசம் புழுங்குகிறது என்று நம்மவர் கழற்றி வைப்பதையும் நான் அறிவேன். அதற்கு வேலை நேரத்தைக் காலையில் மாற்றி, நடுப்பகலில் ஓய்வு கொடுத்தால் ஆயிற்று. கவசத்தை வீட்டில் விட்டுவிட்டு வருவதற்கு அது காரணமாகாது. அணிய வேண்டியதை அணிவது தொழிலாளியின் கடமை என்று அதே சட்டம் சொல்லுகிறது.

அன்று அந்தப் பட்டறையிலிருந்து தம்பியை அழைத்துக்கொண்டு, இயந்திர சாமான் விற்கிற கடைக்குப் போனேன். அவனுடைய இயந்திரத்தின் மாதிரி எண்ணைக் காட்டி, அதற்கென்றே உள்ள 12 அங்குலப் பாரும் இரண்டு சங்கிலியும் வாங்கினோம். பணம் கொஞ்சம் கூடுதல்தான், நானும் பாதி போட்டேன். மாட்டிய பிறகு காகிதத்துக்கு நேரே பாரைப் பிடித்து ஓட்டிப் பார்த்தோம். எண்ணெய் மெல்லிய கோடாகத் தெறித்து விழுந்தது. தம்பி சிரித்தான்.

ரசீதைக் காண்டிராக்டர் பெயருக்கே எழுதி வாங்கச் சொன்னேன். திங்கட்கிழமை காலை அதை அவரிடம் நீட்டப் போகிறான். அவர் என்ன சொல்கிறார் என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.