‘நிறுத்து’ என்று சொல்ல ஒருவர் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

கலை மனிதனை உயர்த்தும் என்பார்கள். உண்மைதான். ஆனால் கலையின் பெயரால் ஒரு நண்பனை மாடியின் விளிம்புவரை ஓடவிட்டோம். அவன் கை முறிந்தது. “மேல யாருப்பா பார்த்துக்கிட்டு இருந்தீங்க?” என்று அவன் தாய் கேட்டபோது, பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து நின்ற ஏழு பேரில் நானும் ஒருவன். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் தேடுகிறேன்.

முத்தமிழ் விழாவின் குறும்படப் போட்டிக்காக நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு திகில் படம் எடுக்கத் திட்டமிட்டோம். எட்டு மாணவர்கள், இரண்டு மாணவியர். கருவிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு நல்ல கைப்பேசி, திருமணங்களுக்கு வீடியோ எடுப்பவரிடம் இரவல் வாங்கிய இரண்டு ஹாலஜன் விளக்குகள், ஒரு நீளமான ஒயர், நிறைய உற்சாகம். அவ்வளவுதான். எங்களில் பெரும்பாலோர் எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆட்கள். திரையில் எங்கள் பெயர் வரும் என்ற எண்ணமே எங்களைத் தூங்கவிடவில்லை.

கட்டி முடியாத ஒரு வீட்டின் மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பப்படவில்லை. இரவு ஒன்பது மணி. துரத்தப்படும் திருடன் ஓடிவந்து விளிம்பருகே திகைத்து நிற்க வேண்டும். முதல் முறை நன்றாகவே ஓடி நின்றான் நண்பன். ஆனால் தரை இருட்டாகத் தெரிந்தது. தரை நனைந்திருந்தால் விளக்கொளி பட்டு மின்னும். பெரிய படங்களில் அப்படித்தான் செய்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன் நான். தரை மின்னியது. எல்லோரும் கைதட்டினார்கள். மாடிப்படியின் கீழே மறைந்து நின்ற நண்பனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இயக்குநர் குரல் கொடுத்தார். அவன் முன்போலவே முழு வேகத்தில் ஓடிவந்தான். வழுக்கினான். விளிம்புக்கு மூன்றடி முன்னால் விழுந்தான். இடது மணிக்கட்டு முறிந்தது.

நனைந்த தளத்தில் உராய்வு குறையும் என்று முதல் பருவத்தில் படித்து, தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்! அது மட்டுமா? ஆயிரம் வாட் விளக்குகள் இரண்டு. 230 வோல்ட்டில் அவை இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். நாங்கள் செருகியிருந்ததோ 6 ஆம்பியருக்கான சாதாரணப் பிளக்கில். அந்த ஒயர் கிடந்தது அதே ஈரத் தரையில். ஒருவனுக்குக் கை முறிந்ததோடு அன்றைய இரவு முடிந்ததே, அதை எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

108-ஐ அழைத்தோம். “எந்த இடம்?” என்று கேட்டார்கள். தெருவின் பெயர் எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

அந்த நண்பன் விடியற்காலையில் சைக்கிளில் பால் பாக்கெட் போட்டுத் தன் பஸ் செலவையும் தேர்வுக் கட்டணத்தையும் பார்த்துக்கொள்பவன். ஆறு வாரம் மாவுக்கட்டு. பால் போடும் வேலை வேறொரு பையனுக்குப் போய்விட்டது. செய்முறை வகுப்பில் ஒற்றைக் கையால் கருவிகளைப் பிடிக்க முடியாமல் அவன் திணறியதைப் பார்த்தபோது, நான் ஊற்றிய இரண்டு வாளித் தண்ணீரும் என் மீதே கொட்டியதுபோல் இருந்தது.

அப்பாவின் பாடம்

என் தந்தை கட்டட வேலை செய்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “சாரம் யாரு கட்டினா?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். “எங்க வேலையில சாரம் கட்டினவன்தான் முதல்ல ஏறி மிதிச்சுப் பார்ப்பான். அப்புறம்தான் அடுத்தவன் ஏறுவான். கான்கிரீட்டுக்குக் கொடுத்த முட்டுக்கம்பை மேஸ்திரி சொல்லாம ஒருத்தனும் தொடமாட்டான். அவன் பார்த்திருப்பான்னு இவனும், இவன் பார்த்திருப்பான்னு அவனும் நினைச்ச அன்னிக்குத்தான் தம்பி, ஆள் விழுவான்.”

கல்லூரியில் படிக்கும் எங்களுக்குத் தெரியாதது கையெழுத்துப் போடத் தெரியாத அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் குழுவில் அன்று எல்லோரும் எல்லா வேலையும் செய்தோம். அதனால் எந்த வேலையும் எவருடையதாகவும் இல்லை. ‘எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் ‘ஒருவரும் பார்க்க வேண்டாம்’ என்றுதான் பொருள்.

பெரியவர்கள் தவறியபோது

“நாம் என்ன கோடம்பாக்கமா? நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் படத்திற்குப் பாதுகாப்புத் திட்டமா?” என்று சில நண்பர்கள் சிரிக்கிறார்கள். பல ஆண்டு அனுபவமும் பெரும் பொருளும் உள்ளவர்களே தவறியிருக்கிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2020 பிப்ரவரி 19 இரவு, சென்னைக்கு அருகே ‘இந்தியன் 2’ படத்தின் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் உயிரிழந்தனர். ஒருவர் உதவி இயக்குநர். மூவரில் ஒருவரும் நடிகர் அல்லர். ஆபத்து கேமராவுக்கு முன்னால் மட்டும் இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2016 நவம்பர் 7 அன்று ‘மாஸ்தி குடி’ என்னும் கன்னடப் படத்திற்காக, பெங்களூருக்கு அருகேயுள்ள திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் இரண்டு நடிகர்கள் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார்கள். அவர்கள் உடலில் உயிர்காப்பு உடை இல்லை. இருவரும் மூழ்கி இறந்தார்கள்.

2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ‘ரஸ்ட்’ படத்தின் ஒத்திகை நடந்தது. நடிகர் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து உண்மையான குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் மாண்டார். அதில் உண்மைக் குண்டு இல்லை என்று சொல்லித்தான் அந்தத் துப்பாக்கி நடிகருக்குத் தரப்பட்டது. ஆயுதங்களுக்குப் பொறுப்பானவர் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இல்லை. அவருக்கே நடிப்புப் பொருள்களைக் கவனிக்கும் வேலையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தது. 2024-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஒரு தலையில் இரண்டு சுமை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை அந்தப் படப்பிடிப்பு உலகத்திற்குக் காட்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் ஒரு காட்சி எடுக்கலாம் என்று எங்களுக்கும் ஓர் ஆசை இருந்தது. 2014 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு படக்குழு அப்படித்தான் ரயில் பாலத்தின் மீது படமெடுக்கப் போனது. ரயில் நிறுவனம் அனுமதி மறுத்திருந்தது. சரக்கு ரயில் வந்தது. சாரா ஜோன்ஸ் என்னும் 27 வயது ஒளிப்பதிவு உதவியாளர் உயிரிழந்தார். படத்தின் இயக்குநர் மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். நம் நாட்டிலும் 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 147-ஆம் பிரிவின்படி, தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். எங்கள் ஆசையை அன்றே அடித்துவிட்டோம்.

யார் யாருக்கு என்ன வேலை?

பத்துப் பேர் கொண்ட மாணவர் குழு வேலைகளை எப்படிப் பிரித்துக்கொள்ளலாம்? என் எண்ணம் இது.

இயக்குநர் காட்சியையும் நடிப்பையும் மட்டும் பார்க்கட்டும். நேரம், இடம், யார் எப்போது வர வேண்டும் என்பவை உதவி இயக்குநரின் வேலை. தரையிலோ விளக்கிலோ பொருளிலோ ஏதேனும் மாற்றம் செய்தால், அடுத்த முறை எடுப்பதற்கு முன் அதை எல்லோருக்கும் உரக்கச் சொல்வதும் அவர் கடமை. எங்கள் குழுவில் இந்த ஒரு வேலைக்கு ஆள் இருந்திருந்தால் நண்பனின் கை முறிந்திருக்காது.

கேமரா பிடிப்பவருக்குச் சட்டத்திற்குள் இருப்பது மட்டுமே தெரியும். காலடியில் இருப்பது தெரியாது. ஆகவே அவர் பின்னோக்கி நடக்கும்போதெல்லாம் முதுகில் கைவைத்து வழிநடத்த ஒருவர் வேண்டும். விளக்கும் ஒயரும் ஒருவர் பொறுப்பு. அவரைத் தவிர வேறு யாரும் பிளக்கைத் தொடக் கூடாது. கத்தி, கயிறு, பொம்மைத் துப்பாக்கி ஆகியவை இன்னொருவரிடம் ஒரு பையில் இருக்கட்டும். காட்சிக்கு எடுத்துக் கொடுத்து, காட்சி முடிந்ததும் எண்ணி வாங்கி வைக்கட்டும். பொம்மைத் துப்பாக்கி என்று நமக்குத் தெரியும். தெருவில் போகிறவருக்குத் தெரியுமா? பொது இடமென்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஆள் குறைவென்றால் ஒருவரே இரண்டு வேலை செய்யலாம். ஆனால் ஒரே ஒரு பொறுப்பை மட்டும் வேறு எதனோடும் சேர்க்கக் கூடாது. அதுதான் பாதுகாப்புப் பொறுப்பு. அதை ஏற்பவர் இயக்குநராக இருக்கக் கூடாது. அவருக்குக் காட்சி முடிய வேண்டும் என்ற அவசரம் இருக்கும். நடிகராகவும் கேமராக்காரராகவும் இருக்கக் கூடாது. அவர் சும்மா நிற்பதுபோல் தோன்றும். நிற்கட்டும்! முதலுதவிப் பெட்டியும், அந்த இடத்தின் முழு முகவரியும், அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரும் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். அவர் ‘நிறுத்து’ என்றால் உடனே நிறுத்த வேண்டும். ஏன் என்று பிறகு கேட்கலாம். முதலாண்டு மாணவர் சொன்னாலும் மூன்றாமாண்டு இயக்குநர் கட்டுப்பட வேண்டும்.

மாணவியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கதையை எழுதியவர் ஒரு மாணவி. தாளின் ஓரத்தில் ‘தண்ணீர்த் தொட்டிவரை மட்டும் ஓட வேண்டும்’ என்று அவர் குறித்திருந்தார். தொட்டியிலிருந்து விளிம்புக்கு இருபதடி இருக்கும். ஆனால் அவர் அன்று மாடியில் இல்லை. படப்பிடிப்பு எப்போது முடியும் என்று எங்களால் சொல்ல முடியாததால் அவர் வீட்டில் அனுப்பவில்லை. முடியும் நேரத்தை முன்பே எழுதி வைத்து, கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன் முடித்து, அழைத்துச் சென்று விடும் பொறுப்பையும் ஒருவரிடம் கொடுத்திருந்தால் அவர் வந்திருப்பார். நாங்கள் விளிம்புவரை ஓடவிட்டபோது தடுத்தும் இருப்பார்.

திகில் எங்கே இருக்கிறது?

உண்மையான ஆபத்து இல்லாமல் திகில் வராது என்பது தவறான எண்ணம். பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாமல் 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ இன்றும் பேசப்படுகிறது. 1960-இல் வந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலையை உலகமே அறியும். அதில் ஓடிய இரத்தம் சாக்லேட் பாகு. வெட்டி ஒட்டிய துண்டுக் காட்சிகளும் இசையும்தான் நம்மை நடுங்க வைக்கின்றன. பயம் பார்ப்பவர் மனத்தில் உண்டாக வேண்டும். நடிப்பவர் உயிரைப் பணயம் வைத்து அதை உண்டாக்க வேண்டியதில்லை.

நண்பனின் கட்டுப் பிரித்த பிறகு அதே காட்சியைக் கல்லூரி மைதானத்தில் எடுத்தோம். தரையில் இரண்டடிக்குச் செங்கல் அடுக்கி, கேமராவைத் தாழ வைத்து மேல்நோக்கிப் பிடித்தோம். பின்னால் வானம் மட்டும் தெரிந்தது. பார்த்தவர்கள் ஏழாவது மாடி என்றே நினைத்தார்கள். அன்று பாதுகாப்புப் பொறுப்பை யாருக்குக் கொடுத்தோம் தெரியுமா? கை முறிந்த அதே நண்பனுக்கு. அவன் இரண்டு முறை ‘நிறுத்து’ என்றான். ஒருமுறை ஒயர் வழியில் கிடந்தது. மறுமுறை ஒரு செங்கல் ஆடியது. எங்களுக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தினோம்.

என் வேண்டுகோள்

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, மாணவர்கள் படமெடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று சிலர் கருதுகிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் தடை போட்டால் மாணவர்கள் எடுக்காமல் இருப்பார்களா? யாருக்கும் சொல்லாமல் எடுப்பார்கள். அது இன்னும் கேடு.

தடைக்குப் பதிலாக ஒரு தாள் போதும். என்ன காட்சி? எந்த இடம், யார் அனுமதி? எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்? எதனால் அடிபடலாம், அதற்கு என்ன மாற்று? ‘நிறுத்து’ என்று சொல்பவர் யார்? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதி, படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பேராசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஐந்தாவது கேள்விக்கு எதிரே பெயர் இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. இதைப் பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் என் பணிவான வேண்டுகோளாக வைக்கிறேன்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் பட்டதாரி. நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள், அங்கே நம்மைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அனுப்பினார்கள். அந்த ஆள் வேறு யாருமல்லர். பக்கத்தில் நிற்கும் நாம்தான். படம் எடுப்போம், பரிசும் பெறுவோம். ஆனால் அடுத்த முறை எந்தத் தாய் வந்து “யாரு பார்த்துக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்டாலும், “நான் பார்த்துக்கொண்டிருந்தேன் அம்மா” என்று சொல்ல நம்மில் ஒருவர் இருக்க வேண்டும்.