புன்செய்க்குக் காவல் எங்கே?

தமிழ்நாட்டில் நிலம் இரு கண்கொண்டு பார்க்கப்பெறுகின்றது. ஆற்று நீர் பாயும் நன்செய் அழிந்தால் நாடு பதறுகின்றது. வானம் பார்த்த புன்செய் அழிந்தால், 'வறண்ட நிலந்தானே, போகட்டும்' என்று வாளா இருக்கின்றது. இவ் வேறுபாடு பேச்சளவில் நின்றிருந்தால் பெருங்கேடில்லை. அது சட்டத்திலும் ஏறிவிட்டது என்பதே தருமபுரி மாவட்டத்து உழவர்க்கு நேர்ந்துள்ள இடர்.

2020 பிப்பிரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிற்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதனுள் அடங்கின. அங்கு எண்ணெய், மீத்தேன் கிணறுகளும் உருக்காலைகளும் புதிதாக வருதல் கூடாது என்பது அதன் கருத்து. வேண்டிய சட்டமே; வரவேற்கத் தக்கதே. ஆயினும், அக் கழிமுகத்தை வாழ்விக்கும் காவிரி அருவியாய் வீழும் ஒகேனக்கல் அமைந்த தருமபுரி மாவட்டத்துக்கு அதில் இடமில்லை.

இடந் தந்திருந்தாலும் முழுக்காவல் கிட்டியிராது. சாலை, குழாய்வழி, துறைமுகம், மின்சாரம் முதலிய பணிகளை அச் சட்டம் தடுப்பதில்லை. நடுவணரசின் 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டமும் அத்தகையதே. பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதன்றி எடுத்தலாகாது என்று கூறும் அவ் விதி, நெடுஞ்சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் பொருந்தாது என்று தானே வாயில் திறந்து வைத்துள்ளது.

அவ் வாயிலின் அகலத்தை 2018-இல் மக்கள் கண்டனர். சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கு ஏறத்தாழ 277 கிலோமீட்டர் நீளத்துக்கு வழி குறிக்கப்பெற்றது. மதிப்பீடு பத்தாயிரங் கோடி உருபா. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருட்டிணகிரி, சேலம் மாவட்டங்களோடு தருமபுரி மாவட்டத்து அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதிகளும் அவ் வழியிற் சிக்கின. விளைந்து நின்ற தோட்டத்தில் அளவைக்கல் நடப்பட்டபோது உழவர் குடும்பங்கள் கண்ணீரும் கம்பலையுமாய் நின்றன. 2019 ஏப்பிரல் 8-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்புகளை நீக்கிற்று. 2020 திசம்பர் 8-இல் உச்சநீதிமன்றமோ, சுற்றுச்சூழல் இசைவு பெற்றுத் தொடரலாம் என்று மீண்டும் வழிவிட்டது. உழவன் தன் நிலத்தைக் காக்க ஏரை விட்டு வழக்குமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. சட்டம் முன்னரே காவல் நின்றிருப்பின் இவ் அலைச்சல் ஏன்?

ஆயின், சட்டம் மட்டும் போதுமா? போதாது. வலிந்து பறிக்கப்பெறும் நிலம் ஒருபுறமிருக்க, வாழ வழியின்றி விற்கப்பெறும் நிலம் மற்றொருபுறம் உள்ளது. கிணறு வற்றி, கடன் ஏறி, மகன் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனபின், மனைத் தரகன் நீட்டும் முன்பணத்தை உழவன் எங்ஙனம் மறுப்பான்? 'விற்காதே' என்று சட்டம் சொல்லலாம். உண்ணச் சோறு சட்டம் தராது. காவலும் பொருளும் இரு கைகள். ஒரு கை தட்டி ஓசை எழாது.

இதனை உணர்ந்த நாடுண்டு. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாநிலம் 1973-இல் வேளாண் நிலங்களை வரையறுத்து, அவற்றை வேறு பயனுக்கு மாற்றுவதைச் சட்டத்தாற் கட்டுப்படுத்திற்று. நிலமதிப்புக் குறையுமென்று உழவர் கொதித்தனர். அம் மாநிலம் அவ்வாண்டே உழவர் வருவாய்க்கு உறுதி தரும் திட்டத்தையும் உடன் கொணர்ந்தது. வேலி கட்டியவர் உள்ளிருப்பவர்க்கு உணவும் தர வேண்டும் என்னும் நெறி இது.

தமிழனுக்கு இது புதிதன்று. நிலமும் நீரும் கூடினாலே உணவு என்றும், நீர்நிலை அமைப்பதே அரசன் புகழ் நிலைக்கும் வழி என்றும் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் புறநானூற்றில் அறிவுறுத்தினார். கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் என ஔவையார் பாடியதும் அந்நூலிலேதான். கரும்பு கொணர்ந்த தகடூர் இன்று வறண்ட நிலமென்று தள்ளப்பெறுவது நாணத்தக்கது.

நீருக்கு வழியில்லாமலுமில்லை. நிலத்தடி நீரிற் புளூரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட மக்களுக்கு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 முதல் காவிரி நீரை மேட்டுக்கு ஏற்றித் தருகின்றது. குடிக்க நீரேற்ற முடிந்த நாட்டுக்கு, வெள்ளக் காலத்து மிகைநீரை ஏரிகளுக்கு ஏற்ற முடியாதா? இம்மாவட்ட மக்கள் நெடுநாளாய்க் கேட்பது அதுவே. 2021 முதல் வேளாண்மைக்கெனத் தனி வரவு-செலவுத் திட்டம் படிக்கும் தமிழ்நாட்டரசு அதற்குப் பொருள் ஒதுக்குதல் அருஞ்செயலன்று.

தொழிற்சாலை வேண்டாவென்று எவரும் கூறவில்லை. விளையாத நிலத்தில் அது எழட்டும். கேழ்வரகும் சாமையும் துவரையும் நிலக்கடலையும் விளையும் நிலம் விளைநிலமே. மழையை நம்பியது என்பதால் அது தரிசாகிவிடாது. எனவே, தருமபுரிப் புன்செய் ஊர்களைக் காப்பு மண்டலத்துட் கொணர்க! நெடுஞ்சாலைக்கெனத் திறந்துள்ள வாயிலை அடைக்க! ஏரிக்கும் கால்வாய்க்கும் ஆண்டுதோறும் தவறாது பொருள் தருக! இம் மூன்றையும் ஊர்மன்றந்தோறும் தீர்மானமாக்கி அரசின் செவியில் ஏற்றுவது மக்கள் கடன். கொடுத்த நிலத்துக்கு விலை கிடைக்கும். கெடுத்த மண் திரும்பக் கிடைக்காது.