அப்புறம் டயர் எதற்கு?

கோடி கோடியாகக் கொட்டிக் கார் வாங்குகிறவர்கள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. எரிச்சல்தான். அவர்கள் காசு, வாங்கட்டும். வாங்கிய பிறகு ஏனய்யா ஓட்டமாட்டேன் என்கிறீர்கள்?

மெக்லாரன் எஃப்1 என்று ஒரு கார். 1992-லிருந்து 1998 வரை மொத்தமே 106தான் செய்தார்கள். அதில் ஒன்று 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடி டாலருக்கு மேல் போனது. நம் கணக்கில் அப்போது சுமார் 150 கோடி ரூபாய். அதுகூடப் போகட்டும். கால் நூற்றாண்டு வயதான அந்த வண்டி அதுவரை ஓடியிருந்தது 390 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 38 லட்சம் ரூபாய் வருகிறது. இதே மாடல் 1998-இல் ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அந்த வேகத்தில் விட்டிருந்தால் ஏல வண்டியின் ஆயுசு ஓட்டம் முழுவதும் ஒரு மணி நேர வேலை. மற்ற நேரமெல்லாம் நின்றிருக்கிறது. நின்றதற்குத்தான் இந்த விலை.

இதைச் சொல்லிப் புலம்பினால் என் அக்கா மகன் சிரிக்கிறான். "மாமா, அது கார் இல்ல, அசெட்." அப்புறம் டயர் எதற்குடா என்று கேட்டேன். போனை நோண்டப் போய்விட்டான்.

புதிதாக வந்தபோது இதன் விலை ஐந்தாறு லட்சம் பவுண்ட். அது தகும் என்றே சொல்வேன். கார்டன் மர்ரி என்ற வடிவமைப்பாளர் எடை விஷயத்தில் கஞ்சமகாப்பிரபு. ரேடியோகூட வேண்டாம், சிடி பிளேயர் போதும் என்று விட்டவர். விளைவு, வண்டியின் எடை 1,138 கிலோ. நம் தெருவில் நிற்கும் சாதாரண செடானின் எடைதான். உடம்பு கார்பன் ஃபைபர். முதுகில் பிஎம்டபிள்யூவின் 6.1 லிட்டர் வி12 எஞ்சின், டர்போ எதுவும் இல்லாமலே 627 குதிரைத்திறன். எஞ்சின் சூடு உடம்பைச் சுட்டுவிடாமல் தடுக்க எஞ்சின் அறைக்குள் தங்கத் தகடு ஒட்டினார்கள். ஆடம்பரத்துக்கு அல்ல, தங்கம் வெப்பத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும் என்பதால். டிரைவர் சீட் நட்டநடுவில், இரண்டு பக்கமும் கொஞ்சம் பின்தள்ளி ஒவ்வொரு சீட். ரோட்டுக்கென்று வரைந்த இந்தக் காரின் பந்தய வடிவம் 1995-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முதல் தடவையாகப் போய் ஜெயித்தே திரும்பியது. இவ்வளவு மெனக்கெட்டதெல்லாம் அந்த நடுச்சீட்டில் ஒரு மனுஷன் உட்கார்ந்து மிதிக்கத்தானே?

மிதித்தவர் ஒருவர் இருந்தார். நம் மிஸ்டர் பீன்! ரோவன் அட்கின்சன் 1997-இல் ஒன்று வாங்கி 66,000 கிலோமீட்டர் ஓட்டினார். 1999-இல் ஒரு தடவை முன்னால் போன வண்டியில் மோதினார். 2011-இல் சறுக்கி மரத்தில் மோதியதில் எஞ்சினே கழன்று தனியாகக் கிடந்தது. ரிப்பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்சூரன்ஸ்காரர்களுக்கு 9,10,000 பவுண்ட் பழுத்தது. சரிசெய்து வந்ததும் மறுபடி எடுத்து ஓட்டினார். கடைசியில் 2015-இல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றதாகச் செய்தி வந்தது. இத்தனை அடிபட்டும் அவருக்கு நஷ்டமில்லை. அப்படியிருந்தும் மற்ற கனவான்களுக்குத் தைரியம் வரவில்லை.

நம்மூர் பழைய வண்டி புரோக்கர் "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி, கிலோமீட்டர் ரொம்பக் கம்மி" என்று சொன்னால் அதில் ஒரு நியாயம் உண்டு. தேய்மானம் குறைவு, வாங்குகிறவர் இன்னும் நாலு வருஷம் கூடுதலாக ஓட்டலாம். இங்கே கம்மியாக ஓடியதை வாங்குகிறவரும் ஓட்டப்போவதில்லை. ஓட்டினால் கம்மி போய்விடுமே! அவரிடமிருந்து வாங்குகிறவரும் அதே ரகம்.

சும்மா நிறுத்தி வைப்பதிலாவது காசு மிச்சமா என்றால் அதுவும் இல்லை. டயர், ரப்பர், பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பை எல்லாம் ஓடாவிட்டாலும் கிழடாகும், மாற்றியே ஆகவேண்டும். பேட்டரி இறங்காமலிருக்கச் சுவரிலிருந்து ஒரு ஒயர். சர்வீஸ் என்றால் இன்னும் கூத்து. இந்தக் காரின் மூளையோடு பேச 1990-களின் காம்பாக் லேப்டாப்தான் வேண்டியிருந்தது. அதற்காகவே அந்தத் தடித்தடிப் பெட்டிகளை மெக்லாரன்காரர்கள் 2016-இலும் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். எதற்கு? ஓடாத வண்டி ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க.

கம்பெனிகளும் லேசுப்பட்டவை அல்ல. ஃபோர்டு ஜிடி என்ற காருக்கு 2016-இல் காசு இருந்தால் மட்டும் போதாது, விண்ணப்பம் போட வேண்டும் என்றார்கள். 500 காருக்கு 6,500 பேருக்கு மேல் போட்டார்கள். மல்யுத்த வீரர் ஜான் சீனாவுக்கு ஒன்று கிடைத்தது. கொஞ்ச நாளிலேயே அவர் விற்றுவிட, 2017-இல் ஃபோர்டு கோர்ட்டுக்குப் போனது. இரண்டு வருஷத்துக்கு விற்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாராம்! அடுத்த வருஷம் சமரசமாகிவிட்டது. சரி, விற்காதே என்று ஷரத்துப் போடத் தெரிகிறதல்லவா? வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டாவிட்டால் சாவியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வோம் என்றும் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். அந்த 6,500 பேரில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.