ஒரு டன்னா, ஒன்றரையா?

பிறந்த பேரனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மகள் ராத்திரியெல்லாம் விசிறியும் கையுமாக இருக்கிறாளே என்று ஏ.சி. வாங்கக் கிளம்பினோம். "ஒரு டன் எடையைச் சுவர் தாங்குமா தம்பி?" என்று நான் கேட்டதும் கடைப் பையன் சிரித்துவிட்டான்! டன் என்பது இங்கே எடை இல்லையாம். மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் சக்தியாம். ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அந்தக் கணக்கு.

எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. "ஒரு டன் தாராளம்" என்றான். கீழ்வீடாக இருந்தால் சரிதான். எங்களுடையதோ மொட்டை மாடிக்கு நேர் கீழே. ஜன்னலும் மேற்குப் பார்த்தது. ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டால் தோசைக்கல்தான்! அதைச் சொன்ன பிறகே ஒன்றரை டன் என்று முடிவாயிற்று.

"இரண்டாவே வாங்கிடலாமே" என்றார் இவர். நான் ஒப்பவில்லை. என் நாத்தனார் சின்ன அறைக்கு இரண்டு டன் போட்டுவிட்டு அவஸ்தைப்படுகிறாள். பத்தே நிமிஷத்தில் சில்லென்றாகி மிஷின் நின்றுவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க நேரமேது? தலையணைகூட நசநசக்கும்.

இப்போது 26 டிகிரியில் வைத்து, மின்விசிறியை மெல்லச் சுழல விடுகிறோம். காற்று நேரே படாமல் தொட்டிலைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். கடைக்குப் போகுமுன் நீங்களும் டேப் வைத்து அளந்து, வெயில் விழும் சுவர் எது, படுப்பவர் எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டு போங்கள்.

பேரனுக்கு வேர்க்குரு அடங்கிவிட்டது. தொட்டிலுக்குப் பக்கத்தில் தாத்தாவும் பாயை விரித்துவிட்டார்!